குணம் ஒன்று, மதிப்பெண் இரண்டு

*நாளைய மேலாளர்களைப் பயிற்றும் கல்லூரிகளும் அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனங்களும் எதைத் திறமை என்று எண்ணிக்கொண்டிருக்கின்றன?*

நடையில் பெண்மை வேண்டும். பேச்சிலும் பெண்மை வேண்டும். உடையிலும் அது தெரிய வேண்டும். முகத்துக்குப் பூச்சும், தலைக்கு அலங்காரமும், மேலுக்கு நகையும் இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு வீட்டுப் பாட்டி சொன்ன புத்திமதி என்று வாசகர்கள் இதை எண்ணிவிட வேண்டாம். உலகத்தின் மிகப் பெரிய கணக்குத் தணிக்கை ஸ்தாபனங்களில் ஒன்றாகிய பிரைஸ் வாட்டர்ஹவுஸின் வாஷிங்டன் அலுவலகத்தில், 1983ஆம் வருஷம், மூன்று குழந்தைகளுக்குத் தாயும், அமெரிக்க வெளியுறவு இலாகாவிடமிருந்து சுமார் 2.5 கோடி டாலர் பெறுமான ஒப்பந்தத்தைப் பாடுபட்டுத் தம் ஸ்தாபனத்துக்குப் பெற்றுத் தந்தவருமான ஆன் ஹாப்கின்ஸ் என்ற நிர்வாகி, தாம் பங்குதாரர் ஆவதற்கு இனி என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அவரை ஆதரித்து நின்ற மேலதிகாரியே சொன்ன பதில் இது.

முந்திய வருஷம் பங்குதாரர் பதவிக்குச் சிபாரிசு செய்யப்பட்ட 88 பேரில் பெண் இவர் ஒருவரே. ஸ்தாபனத்தில் அப்போது இருந்த 662 பங்குதாரர்களில் பெண்கள் 7 பேர். பெரிய ஒப்பந்தங்களைக் கொண்டுவருவதில் அந்த 88 பேரில் இவருக்கு நிகரானவர் எவரும் இல்லை என்று பிற்பாடு நீதிமன்றமே கண்டு எழுதிற்று. ஆனால் பங்குதாரர்கள் எழுதி அனுப்பிய அபிப்பிராயச் சீட்டுகளில் ஒருவர் இவரை ஆணைப் போன்றவர் என்றார். ஒருவர், பெண்ணாகப் பிறந்த குறையை ஈடுசெய்ய அளவுமீறி முயல்கிறவர் என்றார். இன்னொருவர், நளினம் கற்றுத்தரும் பள்ளிக்கு இவரை அனுப்ப வேண்டும் என்று எழுதினார். கைக்கீழ் வேலை செய்தவர்களிடம் இவர் கடுமையாக நடந்துகொண்டார் என்ற குறையும் அந்தச் சீட்டுகளில் உண்டு. அதை மறைத்து இவரைத் தேவதையாக்குவது நம் நோக்கமன்று. கேள்வி வேறு. அதே கடுமையும் அதே பிடிவாதமும் ஓர் ஆணிடம் இருந்திருந்தால், அவருக்கு எவரேனும் நகை போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பார்களா?

வழக்கு ஏழாண்டுகள் இழுத்தது. 1989 மே 1ஆம் தேதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, பால் பற்றிய முன்முடிவுகளைக் கொண்டு ஊழியரை எடைபோடுவது சட்ட விரோதமான பாகுபாடே என்று ஹாப்கின்ஸ் பக்கம் சாய்ந்தது. வலிந்து காரியம் சாதிக்கும் குணத்தை உத்தியோகத்தின் தகுதியாக வைத்துவிட்டு, அந்தக் குணம் பெண்ணிடம் தென்பட்டால் அதையே குற்றமாகச் சொல்லும் எஜமானர், அவளை எந்தப் பக்கமும் திரும்ப முடியாத சந்தில் நிறுத்துகிறார் என்பதே நீதிபதி பிரென்னன் எழுதியதன் சாரம். மறு வருஷம் கீழ் நீதிமன்றம் அவரைப் பங்குதாரர் ஆக்கும்படியே உத்தரவிட்டது. 1991இல் அதே ஸ்தாபனத்துக்குத் திரும்பிய ஹாப்கின்ஸ், 2002இல் ஓய்வுபெறும் வரை அங்கேயே பணியாற்றினார், 2018இல் காலமானார்.

நாற்பது வருஷத்துக்கு முந்திய அமெரிக்க வியாஜ்யம் இன்றைக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். எம்.பி.ஏ. சேர்க்கைக்கும் கேம்பஸ் வேலைத் தேர்வுக்கும் நடக்கும் குழு விவாதத்தை, மாணவர்கள் 'ஜி.டி.' என்று சுருக்கிச் சொல்வதை, ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்க, விஷயம் இன்னதென்று அறிவித்து வாய் மூடுவதற்குள், நாற்காலி நுனிக்கு நகர்ந்து முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளும் இளைஞனுக்குத் 'தலைமைப் பண்பு' என்ற கட்டத்தில் மதிப்பெண் விழுகிறது. அவனைப் போலவே முந்திக்கொண்டு, அவனைப் போலவே இடைமறித்துப் பேசிய பெண்ணைப் பற்றி, அவர்கள் வெளியே போனபின், 'கொஞ்சம் ஜாஸ்தி பேசுகிறாள்' என்ற அபிப்பிராயம் எழுகிறது. எல்லார் பேச்சையும் பொறுமையாகக் கேட்டு, சிதறிக் கிடந்ததைச் சேர்த்து, கடைசியில் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தவர் ஆணானாலும் பெண்ணானாலும், அவருக்கு அநேகமாக 'குழுவோடு ஒத்துப்போகிறவர்' என்ற பாராட்டும் நடுத்தர மதிப்பெண்ணும்தான் கிடைக்கின்றன.

அறுபது குணங்கள் கொண்ட ஒரு காகிதம்

குணங்களை ஆண்பால், பெண்பால் என்று பிரித்து அளக்கும் வழக்கம் மனோதத்துவ சாஸ்திரத்தில் நெடுநாளாக உண்டு. ஆணுக்குப் பெருமையும் வலிமையும், பெண்ணுக்கு அச்சமும் நாணமும் மடமும் என்று வகுத்துவைத்த தொல்காப்பியத்தைப் படித்த நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. அந்தப் பழைய அளவுகோலில் ஒரு மனிதர் ஒன்று இந்த நுனியில் நிற்க வேண்டும், அல்லது அந்த நுனியில் நிற்க வேண்டும். ஆண்மை ஏறினால் பெண்மை இறங்கும் என்பது கணக்கு. 1974இல், ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் இருந்த ஸான்ட்ரா பெம் என்ற பெண்மணி, இந்த ஒற்றைக் கோலை முறித்து இரண்டாக்கினார். அவர் தயாரித்த பட்டியலில் 60 குணங்கள். அமெரிக்க சமூகம் ஆணிடம் விரும்புவதாகக் கருதப்பட்டவை 20, பெண்ணிடம் விரும்புவதாகக் கருதப்பட்டவை 20, பொதுவானவை 20. ஒவ்வொரு குணமும் தம்மிடம் எவ்வளவு உண்டு என்று 1 முதல் 7 வரை எண் இட்டு, ஒருவர் தம்மைத் தாமே மதிப்பிட வேண்டும். இரண்டு கோல்கள் ஆகிவிட்டபடியால், உறுதியும் கனிவும் இரண்டிலும் ஒருவரே உயர்ந்த எண் பெறுவது சாத்தியமாயிற்று. அப்படிப்பட்டவர்களே சந்தர்ப்பத்துக்குத் தக்கவாறு நடந்துகொள்ள வல்லவர்கள், ஆகவே வாழ்க்கையில் அதிகம் பயன்படக் கூடியவர்கள் என்பது பெம்மின் கட்சி.

அதை நிரூபிக்க அவர் செய்த பரீட்சைகள் ரசமானவை. ஹாஸ்யப் படங்களைக் காட்டி, மற்றவர்கள் பொய்யாகச் சொன்ன மதிப்பீட்டைக் காதில் விழச் செய்து, எவர் தம் அபிப்பிராயத்தில் நிலைத்து நிற்கிறார் என்று பார்த்தார். ஆண்பாற் குணம் மிக்கவர்களும் இரு வகைக் குணமும் உடையவர்களும் அதிகம் நிலைத்து நின்றார்கள். பிறகு ஒரு பூனைக்குட்டியைக் கொடுத்து, எவர் அதனோடு கூடிக் குலாவுகிறார் என்று பார்த்தார். இங்கேதான் ஆச்சரியம். பெண்பாற் குணம் மட்டுமே மிகுந்த பெண்கள், எதிர்பார்த்ததற்கு மாறாக, அந்தக் குட்டியிடம் அதிகம் ஈடுபடவில்லை. அன்பு இருந்தும், தாமாக முன்சென்று கை நீட்டும் துணிவு பழக்கத்தில் இல்லை போலும் என்று பெம் யோசிக்க வேண்டியதாயிற்று. கனிவு செயலாவதற்கும் சிறிது துணிவு தேவைப்படுகிறது என்ற அளவில், நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு இந்தப் பூனைக்குட்டி ஒரு நல்ல ஆசிரியர்.

ஆனால் பெம்மின் பட்டியலை இன்று கையில் எடுத்து வாசித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. ஆண்பால் இருபதில், தலைமை வகிக்கும் ஆற்றல் உடையவர், தலைவராக நடந்துகொள்பவர் என்ற இரண்டும் அடக்கம். பெண்பால் இருபதில், இரக்கம், பிறர் தேவையறிதல், விசுவாசம் ஆகியவற்றோடு கூச்சம், எளிதில் ஏமாறுதல், குழந்தைத்தனம் ஆகியவையும் அடக்கம். தலைமை என்பதை ஒரு பக்கத்துத் தட்டில் முன்கூட்டியே வைத்துவிட்டு, எந்தத் தட்டுக்காரர் நல்ல தலைவர் என்று ஆராய்ச்சி செய்தால் விடை எப்படி வரும்? பெம்மை இதற்காகக் குறைசொல்வது நியாயமாகாது. அமெரிக்க சமூகம் எதை எவரிடம் எதிர்பார்க்கிறது என்று கேட்டார். சமூகம் அப்படித்தான் சொல்லிற்று. அவரே பிற்காலத்தில், மனிதரை அளப்பதை விட்டு, எதையும் ஆண் பெண் என்ற கண்ணாடி வழியாகவே பார்க்கப் பழகிய சமூகத்தின் கண்ணைப் பற்றி எழுதலானார். அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்ட பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் பலர்தாம், சமூகத்தின் அபிப்பிராயத்தை மனிதரின் சுபாவமாக எண்ணி மயங்கினார்கள்.

இன்னொன்றும் உண்டு. கடுஞ்சொல் பேசாமை அந்தப் பட்டியலில் பெண்பாற் குணம். நம் வள்ளுவரோ, இறைமாட்சி என்ற அதிகாரத்தில், எவரும் அணுகுவதற்கு எளியவனாகவும் கடுஞ்சொல் இல்லாதவனாகவும் இருப்பதை அரசனுக்கு உரிய லட்சணமாக வைத்தார். பொருட்பாலைத் தொடர்ந்து படித்தால், குடிகள் அஞ்சும்படி நடவாமை, அதை அடுத்துக் கண்ணோட்டம், அதை அடுத்து ஒற்றாடல், அதை அடுத்து ஊக்கமுடைமை என்று வரிசை போகிறது. இரக்கத்தைப் பேசிய கையோடு உளவு வைப்பதைப் பேசுவதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை! அவர் காலத்து அரசன் ஆண் என்பது உண்மையே. ஆயினும் ஆளுகிறவனுக்கு வேண்டிய குணங்களைப் பால் பார்த்து அவர் பங்கு போடவில்லை.

---

பெட்டிச் செய்தி: மேலாளர் என்றால் ஆண்

1973: வர்ஜினியா ஷைன் 92 குணச் சொற்கள் கொண்ட பட்டியலை அமெரிக்க ஆண் மேலாளர்களிடம் கொடுத்தார். வெற்றிகரமான மேலாளரின் குணங்கள் பெண்களின் குணங்களைக் காட்டிலும் ஆண்களின் குணங்களையே ஒத்திருப்பதாக அவர்கள் குறித்தார்கள்.

1975: அதே பட்டியல் பெண் மேலாளர்களிடம் போயிற்று. அவர்களும் அதையே சொன்னார்கள்.

1989: மறுபடியும் கேட்கப்பட்டது. பெண்களின் அபிப்பிராயம் மாறியிருந்தது. ஆண்களின் அபிப்பிராயம் மாறவில்லை.

1996: அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, சீனா, ஜப்பான் ஆகிய ஐந்து தேசத்து நிர்வாகத்துறை மாணவர்களிடம் கேட்ட முடிவு வெளியாயிற்று. ஐந்து தேசத்து ஆண் மாணவர்களும், மேலாளர் என்றதும் ஆணையே நினைத்தார்கள்.

---

தன்னைத் தானே எடைபோடும்போது

நாளைய மேலாளர்கள் நல்ல மேலாளரை எப்படிக் கற்பனை செய்கிறார்கள் என்பதை நேராகவே கேட்டவர்கள் காரி பவலும் ஆன்தனி பட்டர்ஃபீல்டும். இரு வகைக் குணமும் நிறைந்தவரையே மாணவர்கள் நல்ல மேலாளராகச் சித்திரிப்பார்கள் என்று எதிர்பார்த்து, அமெரிக்க வணிகத்துறை மாணவர்களிடம் பெம்மின் பட்டியலைக் கொடுத்த அவர்களுக்கு, 1979இல் வெளியிட்ட முடிவில் ஏமாற்றமே கிடைத்தது. மாணவர்களும் சரி, மாணவிகளும் சரி, ஆண்பாற் குணம் மிகுந்த ஒருவரையே வரைந்து காட்டினார்கள். பல வருஷ இடைவெளிகளில் அவர்கள் அதே கேள்வியை மீண்டும் கேட்டபோது அந்தச் சாய்வு சற்றுத் தணிந்ததே தவிர, நீங்கவில்லை.

மாணவர் தம்மைத் தாமே திறமைசாலி என்று மதிப்பதும் இதே குணங்களைத்தான் சார்ந்திருக்கிறது. சுயமதிப்பையும் பால்வழிக் குணங்களையும் இணைத்து ஆராய்ந்த பல படிப்புகளை 1983இல் ஒன்றுதிரட்டிப் பார்த்த பெர்னார்ட் விட்லி, தன்னைப் பற்றிய உயர்ந்த எண்ணம் பெரும்பாலும் ஆண்பாற் குணங்களையே ஒட்டி வருகிறது, பெண்பாற் குணங்களால் அதற்குக் கூடுதல் பலம் சொற்பமே என்று கண்டார். பெம்மின் கட்சிக்கு இது பெரிய அடி. துணிவும் போட்டியுணர்வும் உடையவன் தன்னைத் திறமைசாலி என்று நம்புகிறான். இரக்கமும் பொறுமையும் உடையவன் அப்படி நம்புவதற்கு அந்தக் குணங்கள் அவனுக்கு உதவுவதில்லை.

இங்கே நின்று ஒரு சந்தேகம் எழுப்ப வேண்டியிருக்கிறது. தன் திறமையைத் தானே சொல்வதும், உடன் வேலை செய்கிறவர்கள் அதை அனுபவத்தில் காண்பதும் ஒன்றாகுமா? 2014இல் பாஸ்டியன்-அண்டர்டால் என்பவரும் அவருடைய சகாக்களும் 95 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை இந்தச் சந்தேகத்துக்குத் தெளிவான விடை தருகிறது. தலைமைத் திறமையில், மொத்தத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் பேதம் இல்லை. ஆனால் மதிப்பிட்டவர் யார் என்று பிரித்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது. தலைவர்கள் தம்மைத் தாமே மதிப்பிட்ட இடங்களில் ஆண்கள் தமக்கு அதிகம் போட்டுக்கொண்டார்கள். பிறர் மதிப்பிட்ட இடங்களில் பெண்களுக்கு அதிகம் கிடைத்தது. கேம்பஸ் நேர்காணல் என்பதோ, உடன் உழைத்தவர் எவரும் இல்லாத அறையில், ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்வதை மட்டும் கேட்டு நடத்தும் பரீட்சை.

குணத்துக்குக் கிடைக்கும் கூலியும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மடலின் ஹைல்மனும் ஜூலி சென்னும் 2005இல் காட்டியபடி, சக ஊழியருக்கு வலிய உதவிய ஆணுக்கு நற்பெயர் கூடுகிறது, பெண்ணுக்குக் கூடுவதில்லை. உதவ மறுத்த பெண்ணுக்குப் பெயர் கெடுகிறது, ஆணுக்குக் கெடுவதில்லை. கோபத்தில் இதே கதை: உத்தியோக விஷயமாகக் கோபித்த ஆணின் அந்தஸ்து உயர்வதையும், பெண்ணின் அந்தஸ்து இறங்குவதையும் 2008இல் விக்டோரியா பிரெஸ்கலும் எரிக் உல்மனும் பரீட்சை செய்து கண்டார்கள். இதனால் ஆண்களுக்கெல்லாம் கொண்டாட்டம் என்று எண்ணவும் இடமில்லை. வேலைக்கான நேர்காணலில் அடக்கமாகப் பேசிய ஆணை, அதே அளவு அடக்கமாகப் பேசிய பெண்ணைக் காட்டிலும், கேட்டவர்கள் குறைவாகவே விரும்பினார்கள் என்பது 2010இல் வெளிவந்த இன்னோர் ஆய்வின் முடிவு. தன் புகழைத் தானே பாடத் தெரியாத பையன்கள் நம் கல்லூரிகளில் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

ஒரு சொற்றொடரின் விலை

இத்தனை ஆராய்ச்சிகளுக்குள் நம் வீடுகளுக்கு மிக அருகில் வந்து நிற்பது, பொருளாதார நிபுணர்களாகிய லியனார்டோ பர்ஸ்டின், தாமஸ் ஃபுஜிவாரா, அமான்டா பல்லைஸ் மூவரும் 2017இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பேர்பெற்ற எம்.பி.ஏ. கல்லூரியொன்றில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடம், கோடைகாலப் பயிற்சி வேலைக்கு இடம் தேடித் தரும் அலுவலகம் ஒரு படிவத்தைக் கொடுத்தது. எவ்வளவு சம்பளம் வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வெளியூர்ப் பிரயாணம் செய்யத் தயார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கத் தயார் என்பவை கேள்விகள். விளையாட்டுக்காகக் கேட்டதன்று, பதிலை வைத்தே வேலை தேடித் தரப்படும். படிவங்கள் இரண்டு விதமாக அச்சாகியிருந்தன. ஒன்றில், பதில்கள் பெயரில்லாமல் வகுப்பில் பேசப்படும் என்று பொருள்படும் வாசகம். மற்றதில், அவரவர் பதிலே வகுப்பில் பேசப்படும் என்று பொருள்படும் வாசகம். வேறு வித்தியாசம் கிடையாது.

ஆண்கள், மணமானாலும் ஆகாவிட்டாலும், இரண்டு படிவத்திலும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். மணமான பெண்களும் அப்படியே. மணமாகாத பெண்கள் மாத்திரம், சகமாணவர் கண்ணில் படும் என்று தெரிந்த படிவத்தில், வருஷச் சம்பளத்தில் ஏறக்குறைய 18,000 டாலர் குறைத்துக் கேட்டார்கள். பிரயாணத்தில் மாதத்துக்கு 7 நாளைக் குறைத்துக்கொண்டார்கள். உழைப்பில் வாரத்துக்கு 4 மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பெயரில்லாமல் பேசப்படும் என்ற படிவத்தை எழுதிய மணமாகாத பெண்களின் ஆசை மணமானவர்களின் ஆசைக்குச் சற்றும் குறைந்ததாக இல்லை. எவர் பார்ப்பதற்கு அஞ்சினார்கள் என்பதை இரண்டாவது பரீட்சையில் கண்டார்கள்: மணமாகாத ஆண் மாணவர்கள். மதிப்பெண் ஏட்டைப் புரட்டியபோதும் அதே சுவடு தெரிந்தது. எழுத்துப் பரீட்சையில் மணமாகாத பெண்கள் மற்றப் பெண்களுக்குச் சமமாகவே வாங்கினார்கள்; வகுப்பில் வாய்விட்டுப் பேசுவதற்குக் கிடைக்கும் மதிப்பெண்ணில் மட்டும் பின்தங்கினார்கள். எழுத்துத்தாளைத் திருத்துகிறவர் மாத்திரம் பார்க்கிறார். கையைத் தூக்கிப் பேசுவதை வகுப்பு முழுவதும் பார்க்கிறது.

நியூயார்க்கையும் பாஸ்டனையும் விட, மேட்டுப்பாளையத்துக்கும் மன்னார்குடிக்கும் இது அதிகம் விளங்கும். பெண்ணுக்குப் பையனைவிடச் சம்பளம் அதிகம் என்பதால் ஜாதகம் திரும்பி வந்த கதையைக் கேளாத கல்யாணத் தரகர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். வெளியூர்ப் போஸ்டிங் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் மாணவியின் பேனாவை, அவள் சுபாவம் ஓட்டுகிறதா, வரன் பார்க்கத் தொடங்கிவிட்ட வீடு ஓட்டுகிறதா என்று கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகம் கேட்பதில்லை. அவளிடம் லட்சியம் இல்லை என்று எழுதிக்கொள்கிறது. பிறகு அந்தக் குறிப்பை எவரேனும் ஒருவர் ஆராய்ச்சிக்கு எடுத்து, பெண்களுக்குப் போட்டியுணர்வு குறைவு என்று புள்ளிவிவரத்தோடு நிரூபித்து விடுகிறார். சுபாவம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் எத்தனை பங்கு பிறர் பார்வைக்குக் கட்டிய வரி என்பதை, ஒரே ஒரு சொற்றொடரை மாற்றிக் காட்டிய இந்தப் பரீட்சை போல வேறெதுவும் நமக்கு உணர்த்தவில்லை என்பதே இக்கட்டுரையாளன் கருத்து.

---

பெட்டிச் செய்தி: இந்தியாவில்

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும் என்று விதித்தது. பல கம்பெனிகள் வீட்டுப் பெண்களையே உட்கார்த்தி வைத்துவிட்டன என்ற புகார் எழுந்தது. பிறகு பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, சார்பற்ற பெண் இயக்குநர் வேண்டும் என்ற விதியை முதல் 500 கம்பெனிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும், முதல் 1,000 கம்பெனிகளுக்கு 2020 ஏப்ரலிலிருந்தும் கொண்டுவந்தது.

சென்னையில் 1955இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்கத்தா ஐ.ஐ.எம்.மிலும் படித்த இந்திரா நூயி, 2006 முதல் 2018 வரை பெப்ஸிகோவின் தலைமை நிர்வாகியாக இருந்தார். யேல் சர்வகலாசாலையில் படிக்கும்போது, பொருந்தாத கோட்டும் காற்சட்டையும் அணிந்து ஒரு நேர்காணலுக்குப் போய்க் கூசி நின்றவர், கல்லூரியின் வேலைவாய்ப்பு அதிகாரி சொன்ன யோசனைப்படி அடுத்த நேர்காணலுக்குப் புடவையில் சென்று, அங்கே வேலையும் பெற்றார்.

---

ராணுவத்தின் ரகசியக் குறிப்பேடு

தலைமைக் குணம் பற்றிய இந்த வழக்கு நம் தேசத்தின் உச்ச நீதிமன்றத்துக்கும் ஒருநாள் வந்தது. வந்தது கம்பெனியிலிருந்து அல்ல, ராணுவத்திலிருந்து. குறுகிய காலச் சேவையில் சேர்ந்த பெண் அதிகாரிகள், ஆண் அதிகாரிகளைப் போலத் தங்களுக்கும் நிரந்தரச் சேவையும் படைப்பிரிவுத் தலைமையும் வேண்டும் என்று கேட்டபோது, உடலமைப்பும் தாய்மையும் குடும்பப் பொறுப்பும் பெண்களுக்குத் தடை என்றும், கிராமங்களிலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் தலைமையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்றும் சர்க்கார் தரப்பு வாதித்தது. 2020 பிப்ரவரி 17ஆம் தேதி, நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, பபிதா புனியா வழக்கில் அந்த வாதங்களைப் பாலினம் பற்றிய பழைய எண்ணங்கள் என்று தள்ளிற்று. பிறர் ஏற்க மாட்டார்கள் என்பதை ஒருவரின் தகுதிக் குறைவாக எழுதுவது எத்தனை சாமர்த்தியமான வாதம் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வாதத்தை நம் அலுவலகங்களிலும் அடிக்கடி கேட்கலாம்: 'எனக்கு ஆட்சேபமில்லை சார், ஷாப் ஃப்ளோரில் ஒத்துக்கமாட்டாங்க.'

பத்திரிகைகள் இந்தத் தீர்ப்பைப் பெரிதாக எழுதின. அதைவிட ஆழமானது, அதிகம் பேசப்படாமல் போன அடுத்த தீர்ப்பு. நிரந்தரச் சேவைக்கான தேர்வு நடந்தபோது அநேகப் பெண் அதிகாரிகள் கழிக்கப்பட்டார்கள். அவர்களுடைய வருடாந்தர ரகசியக் குறிப்பேட்டில் மதிப்பெண் குறைவு என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2021 மார்ச் 25ஆம் தேதி, நிதிஷா வழக்கில், நீதிமன்றம் அந்தக் குறிப்பேடுகளையே எடுத்து ஆராய்ந்தது. பெண்களுக்கு நிரந்தரச் சேவை என்ற பேச்சே இல்லாத காலத்தில், இவர்களுக்கு இனி ஏற்றம் இல்லை என்று தெரிந்த மேலதிகாரிகள் அசிரத்தையாக எழுதிவைத்த குறிப்புகள் அவை. உடல் தகுதியிலும் அப்படியே. ஆண்கள் இளவயதில் ஒருமுறை நிரூபித்துக் கடந்த தகுதியை, வருஷக்கணக்கில் காக்கவைக்கப்பட்ட பெண்கள் நடுவயதில் நிரூபிக்க வேண்டியிருந்தது. விதி இருபாலாருக்கும் ஒன்றுதான். ஆயினும் அதன் விளைவு பாகுபாடே என்று நீதிமன்றம் தீர்த்தது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபின், மேலாண்மைக் கல்லூரிகளில் பெண்களுக்கென்று தனியே நடத்தும் 'தன்னம்பிக்கைப் பயிலரங்கு'களைப் பார்த்தால் சற்றுச் சிரிப்பு வருகிறது. குரலை உயர்த்திப் பேசு, கண்ணை நேராகப் பார், கையைக் குலுக்கும்போது அழுத்திக் குலுக்கு என்று அவளுக்குப் போதிக்கிறார்கள். போதித்தபடியே அவள் செய்துவிட்டால், அவளை எடைபோடும் அறையில் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று போதித்தவர் சொல்வதில்லை. திருந்த வேண்டியது மதிப்பெண் தாள். அதை விட்டு மாணவியைத் திருத்தப் புறப்படுவது, ஹாப்கின்ஸுக்கு நகை போட்டுக்கொள்ளச் சொன்ன அதே புத்திமதியின் மறுபக்கம்; அங்கே பெண்ணாக இரு என்றார்கள், இங்கே ஆணாக இரு என்கிறார்கள். இரு வகைக் குணமும் உள்ளவரே சிறந்தவர் என்று பெம் சொன்னதைக்கூட, பெண்கள் மாத்திரம் இரட்டைப் பாடம் படிக்க வேண்டும் என்று பொருள் பண்ணிக்கொண்டவர்கள் உண்டு. ஆண் மாணவர்களுக்குப் பொறுமையாகக் கேட்பதில் பயிலரங்கு நடத்தும் கல்லூரியை நாம் அதிகம் கேள்விப்படுவதில்லை.

ஆகையால், வேலைத் தேர்வுக் குழுவில் உட்காருகிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாளில் 'தலைமைப் பண்பு' என்ற குணப்பெயரை அடித்துவிட்டு, என்ன செய்தால் எத்தனை மதிப்பெண் என்பதை, வேட்பாளர் எவரும் உள்ளே வருவதற்கு முன்பே, செயலாக எழுதிவையுங்கள்: முதலில் பேசியதற்கு எவ்வளவு, பிறர் சொன்ன கருத்தை வளர்த்ததற்கு எவ்வளவு, முடிவுக்குக் கொண்டுவந்ததற்கு எவ்வளவு என்று. வேலைவாய்ப்பு அலுவலர்கள், சம்பளமும் ஊரும் பற்றிய விருப்பப் படிவத்தை வகுப்பில் சுற்றவிடாமல், ஒவ்வொருவரிடமும் தனியே வாங்குங்கள். அதற்குக் காலணா செலவில்லை. பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் எம்.பி.ஏ. படிக்கிற பெண் இருந்தால், எவ்வளவு சம்பளம் கேட்கப் போகிறாய், எந்த ஊருக்குப் போகத் தயார் என்று, வேறு எவரும் இல்லாத நேரத்தில் ஒருமுறை கேளுங்கள். அவள் சொல்லும் தொகையை, சம்பந்தம் பேச வருகிறவர்களிடமும் குறைக்காமல் சொல்லுங்கள்.